நாற்காலி வாடகை

முதலில் காலை வணக்கம் சொல்லுங்கள்.
விலை அப்புறம். வணக்கம் சொல்லாதவருக்குப்
பார்படோஸில் எல்லாமே விலை கூடுதல்.

நாற்காலி இருபது டாலர், குடையோடு.
மழை வந்தால் பணம் திரும்பாது;
பத்து நிமிடம், அவ்வளவுதான் எங்கள் மழை.
ஒதுங்குகிறேன் என்று அந்த மரத்தடிக்கு ஓடாதீர்கள்,
இடுப்பில் சிவப்புச் சாயம் பூசிய மரம்.
இலை சொட்டும் நீர் பட்டாலே தோல் கொப்பளிக்கும்.
போன வருடம் ஒருவர் பழத்தைக் கடித்துவிட்டு
இனிக்கிறதே என்றார்.
ஒரு நிமிடம் இனித்தது.

மேற்குக் கரையில் நீந்தலாம்.
கிழக்கே பார்க்க மட்டும்.
அலை உள்ளே இழுத்தால் கரையோடு மல்லுக்கட்டாமல்
பக்கவாட்டில் போங்கள்.
என் தம்பி எல்ராய்க்கும் இது தெரியும்.
தெரிந்தும் அன்று
மிதந்துபோன ஒரு செருப்பைப் பிடிக்கப் போனான்.

வேனுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.
பாசி நாறுகிறதா? என்னைக் கேட்டா கரையேறுகிறது அது.

செப்டம்பரில் அறை பாதி விலை.
ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை.
அந்த மாதம் நான் நாற்காலிகளைச்
சமையலறைக்குள் அடுக்கிக் கயிற்றால் கட்டிவிட்டு
வானொலிக்குப் பக்கத்தில் படுக்கிறேன்.

குடையை நீங்களே மடக்க வேண்டாம்,
விரல் நசுங்கும்.
வெர்லீன் என்று கூப்பிடுங்கள்.