எடைக்கு வராதது

மாதுங்காவில் யார் வீட்டுத் தயிரையோ
முப்பது வருஷம் புளிக்காமல் காத்த பெட்டி
தாராவி காம்பவுண்டில் மல்லாந்து கிடக்கிறது.
கதவில் இன்னும் ஒரு பிள்ளையார் காந்தம்.

ஜெபக்கனி தாமிரக் குழாயை வெட்டுகிறாள்.
உஸ்.
அவ்வளவுதான்.
நிறமில்லை, நாற்றமில்லை,
பீடி நெருப்பிலும் பற்றாது.
"பழைய கேஸ், சாது" என்பார் மெக்கானிக் கஃபூர்.

சாதுதான்.
எதோடும் ஒட்டாது, எதையும் அரிக்காது.
ஜூலை மழை இந்தச் சந்தையே கழுவிப் போனாலும்
இதைக் கழுவாது.
ஏறும். வருஷக்கணக்கில் ஏறும்,
பருந்துக்கு மேலே, விமானத்துக்கு மேலே.
அங்கே வடிகட்டாத வெயில்
அதன் மூட்டை அவிழ்க்க
உதிரும் ஒற்றைக் குளோரின்
ஓசோனைக் கடிக்கும், உடைக்கும்,
கைவீசி வெளியே வந்து அடுத்ததைக் கடிக்கும்,
லட்சம் வரைக்கும்,
தான் தேயாமல்.
சாது மிரண்டால் வானம் கொள்ளாது.

கீழே தராசு.
தாமிரம் எழுநூறு கிராம்.
இரும்பு முப்பத்தோரு கிலோ.
கம்ப்ரசர் எண்ணெய் அரை பாட்டில்.
போனதை யாரும் விலை கேட்கவில்லை.

பிள்ளையாரைக் கழற்றி
உலோகக் குவியலில் வைத்துப் பார்க்கிறாள் ஜெபக்கனி.
இரும்பென்றால் ஒட்டிக்கொள்கிறார்,
தாமிரத்தை விட்டுவிடுகிறார்.
நல்ல காந்தம்.
இடுப்பில் செருகிக்கொள்கிறாள்.

பிடரியில் வெயில் சுள்ளென்கிறது.
அடுத்த பெட்டியைப் புரட்டு.