வராத கடல்

இரண்டு மணி எட்டு நிமிடத்துக்கு அது நடந்ததாம்.
எனக்குத் தகவல் வரும்போது இரண்டரை.
திருக்கடலூர் கோபுரத்து ஒலிபெருக்கிக்கு
அன்று நான்தான் காவல்.
பொத்தானை அழுத்தினேன்.

சித்திரைக்கு இன்னும் இரண்டு நாள்.
எண்ணெய்ச் சட்டியை அடுப்போடு விட்டுவிட்டு
ஊர் உவர்மலைக்கு ஏறியது.
தங்கரூபி அக்கா ஒரு கையில் ஆட்டுக்குட்டி,
மறுகையில் அடையாள அட்டைகள் சுற்றிய பொலித்தீன் பை.
பாதி ஏற்றத்தில் சறுக்கி, கணுக்கால் முறிந்தது.

மேலே நின்று எல்லோரும் கடலைப் பார்த்தோம்.
நாலேகால் மணிக்கு இன்னொன்று என்றார்கள்.
மறுபடி பார்த்தோம்.
இருட்டும்வரை அங்கிருந்து
நனைந்து வந்தது ஒரு நாய் மட்டும்.

"எங்கையடா கடல்?"
மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி அக்கா கேட்டாள்.
வைகாசியிலும் அதையே கேட்டாள்.

தேடித்தேடி வாசித்தேன்.
அடித்தரை மேலே எழும்பினால்தான் கடலைத் தூக்குமாம்.
இது பக்கவாட்டில் போயிருக்கிறது,
நெரிசல் பஸ்ஸில் தோளிடித்து முன்னேறுகிறவன்போல,
பாறையைப் பாறை உரசிக்கொண்டு, பல மீற்றர்.
மேலே கிடந்த தண்ணீருக்கு அது பெரிதாய்த் தெரியவில்லை.

நம்பமுடியாமல்
தம்பலகாமத்து வயற்களி கொஞ்சம் கொண்டுவந்து
ஒட்டிவைத்த இரண்டு பலகைமேல் தடவினேன்.
ஒன்றைப் பிடித்து, மற்றதை மெல்ல முன்னே தள்ளினேன்.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு மயிரிழைக் கீறல்கள்,
சாய்வாக, தனித்தனியாக,
ஒரே வரிசையில் நின்றும் ஒன்றையொன்று தொடாமல்.
பலகை பிரியும் இடம் நேர் கீழேதான்.
களிக்கு அது இன்னும் தெரியவில்லை.

இன்னும் தள்ளினேன்.
நுனிகள் வளைந்து பக்கத்துக் கீறலைத் தேடின.
சில பிடித்துக்கொண்டன, சில தவறவிட்டன.
தவறிய இடத்தில் ஒருபக்கம் பள்ளம் விழுந்தது,
இன்னொருபக்கம் களி நெரிந்து திட்டாய் எழும்பியது.
கடைசியில் ஒரே கோடு.
அதன்பிறகு எல்லா அசைவும் அதன் வழியேதான்.
மற்றக் கீறல்கள் வேலையிழந்து கிடந்தன.

அங்கே, கிழக்கே, சுமாத்திராவுக்கு இப்பால்,
நாம் குடியிருக்கும் தட்டு இரண்டாகத் தொடங்கியிருக்கிறதாம்.
இன்னும் கோடாகவில்லை.
குறுக்கும் நெடுக்குமாய் இழுபடுகிறது.
புதிதாய் வழி வெட்டுவதில்லை, பெரும்பாலும்
பழைய தழும்புகளையே திரும்பத் திறக்கிறது.
தீர்ந்து ஒரு கோடாக எத்தனை இலட்சம் ஆண்டோ.

பலகையைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன்.
ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு
கோட்டின்மேல் பெருவிரலை வைத்துப் பார்த்தாள்.

"அப்ப அடுத்தது எந்தப் பக்கம் இழுக்கும் எண்டு உனக்குத் தெரியுமே?"
"தெரியாது அக்கா."
"பக்கவாட்டோ, மேலயோ?"
"அதுவும் தெரியாது."
"அப்ப நீ அமத்து.
நான் மற்றக் காலால ஏறுறன்."

பலகை இரண்டு நாள் என் கூரைமேல் கிடந்தது.
வெயிலில் காய்ந்த களி
நான் தள்ளாத திசைகளிலும் வெடித்திருந்தது.