விலகும் காரணம்

தைவோவின் கடைசி ஷிப்ட் இது.
அவனுக்காக நானும் இரவுவரை இருந்தேன்.
திரையில் ஏழு காரணங்கள்,
ஒன்றைத்தான் சொடுக்க முடியும்.
சம்பளமா? இல்லை.
மேலாளரா? ஹெல்வி நல்லவள், என்றான்.

கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தான்.
ஷிப்ட் பத்துக்கு முடிகிறது.
பேருந்து ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு.
அடுத்தது பத்து நாற்பதுக்கு.
தார்த்துவில் பிப்ரவரி எப்படியென்று
உனக்குத் தெரியும்தானே.

தெரியும். என்னிடம் கார் இருக்கிறது.

மூன்று வருடக் கணிப்பிலும் எழுதியிருக்கிறான்
'பேருந்து' என்று,
ஒரே சொல், முற்றுப்புள்ளியோடு.
நாங்கள் அதைப் 'பிற'வில் சேர்த்து
வட்டத்தில் நீலக் கீற்றாய் வரைந்தோம்,
இரண்டு சதவீதம்.
ஈடுபாடு கூட
புதன்தோறும் ஆப்பிள் வைத்தோம்.
பிங்-பாங் மேசை வாங்கினோம்;
அதன்மேல் இப்போது
பழுதான சர்க்யூட் போர்டுகள் கிடக்கின்றன.

நாலாம் எந்திரம் திக்கினால்
இடது மூடியில் காதை வைத்தே
எந்த உருளை என்று சொல்லிவிடுவான்.
யாருக்காவது கற்றுக்கொடுத்தாயா?
யாரும் கேட்கலையே, என்றான்
கோபமே இல்லாமல்.
கோபப்பட்டிருக்கலாம்.

'மேம்பட்ட வாய்ப்பு' என்று சொடுக்கினேன்.
நன்றி, என்றது திரை.

மணி ஒன்பது நாற்பத்தொன்பது.
போ, இன்றைக்காவது பிடி, என்றேன்.
பனிக்காலணி மாட்டிக்கொண்டு ஓடினான்.
முன்கூட்டிப் போக அனுமதிச் சீட்டை
அதன் பிறகுதான் எடுத்துப் பார்த்தேன்.
ஒரே ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது.
என்னுடையது.