வலது மூன்று, இறுகும்

விண்ணப்பத்தில் ஓட்டுநர் என்ற இடத்தில்
ஜெபமணி, வயது ஐம்பத்தேழு, இரத்தம் ஓ நெகட்டிவ்.
துணை ஓட்டுநர்: நான்.
உறவுமுறை கேட்ட கட்டத்தில்
அம்மா தானே எழுதினாள்:
“வளைவு சொல்பவன்.”

ஞாயிறு ஐந்தரைக்கு பெட்ஃபோர்டில் பதினொரு வண்டிகள்.
கோவையிலிருந்து ஏறிவந்த மஞ்சள் போர்ஷே
தரையோடு தரையாய்ப் படுத்திருக்கிறது.
பல் டாக்டர் சிங்காரவேலுவின் ஃபியட்
பானெட்டைத் திறந்துவைத்து இருமுகிறது.
எங்களுடையது ஸ்டார்ம். இரண்டே இருக்கை,
ஃபைபர் உடம்பு, துணிக்கூரையில்
பழைய ரெயின்கோட்டை வெட்டித் தைத்த ஒட்டு.
குந்தா மின்நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்த்த
பதினாறு வருடச் சேமிப்பு இது என்பாள்.
அப்பா அதை வேறு விதமாகச் சொல்வார்.

மற்ற ஞாயிறுகளில் சும்மா போவோம்,
கொடநாடு வரை, வரிசை கலையாமல்;
வர்க்கி, டீ, டயர் பற்றி ஒரு மணி நேரப் பேச்சு.
இன்று கட்டபெட்டுக்கு அப்பால் ஒரு எஸ்டேட்
தன் சாலையைப் பத்து மணி வரை அடைத்துத் தந்திருக்கிறது.
நான்கு கிலோமீட்டர், பத்தொன்பது வளைவு.
ஒவ்வொரு வண்டியாக. சண்டை கடிகாரத்தோடு மட்டும்.

நேற்று நடந்தே அளந்தோம்.
நான் நோட்டில் எழுத, அவள் குடைக்கம்பால்
தார் விளிம்பைத் தட்டித் தட்டிச் சொன்னாள்:
இடது நாலு, சில்வர் ஓக் வரை நீளும்.
வலது மூன்று, இறுகும்.
பாலம், ஈரம்.
இடது ரெண்டு, வெட்டாதே, உள்ளே கல்.
ஒரு வளைவுக்கு மட்டும் எண் தரவில்லை.
“இங்க ஒண்ணும் சொல்லாத. எனக்குப் பாக்கணும்.”

கொடி விழுந்தது.

வீட்டில் சாவியை, மூக்குக் கண்ணாடியை
நாளெல்லாம் தேடுகிறவள்
இரண்டாவது கியரை ஒரு தடவைகூடத் தேடவில்லை.
நான் கத்துகிறேன். என் வாயை விட்டுப் போன சொல்
அவள் மணிக்கட்டில் திரும்பிவிடுகிறது.
பதின்மூன்று வயதிலிருந்து நான் சொன்ன எதையும்
இத்தனை சீக்கிரம் அவள் நம்பியதில்லை.

ஏழாவது வளைவில் தேயிலைச் சரிவிலிருந்து
மஞ்சு ஏறிவந்து கண்ணாடியில் உட்கார்ந்தது.
கூரையின் ஒட்டு விட்டது.
நோட்டில் சொட்டு விழுந்து, நீல மை
வலதையும் இடதையும் ஒன்றாக்கிக்கொண்டு வழிந்தது.
“சொல்லு.”
“...”
“சொல்லுடா!”
“அழிஞ்சுபோச்சும்மா.”

சிரித்தாள். அவ்வளவு சத்தத்திலும் கேட்டது.
காலைக் கொஞ்சம் தளர்த்தி, பக்கக் கண்ணாடியை இறக்கினாள்.
தேயிலை வறுபடும் வாசம் வந்தது.
“ஃபாக்டரி. அப்ப வலது.”
யூகலிப்டஸ் வந்தது. “இடது.”
காரட் கழுவிய தண்ணீரின் மண்வாடை.
“பாலம்,” என்றேன் நானே,
முதல் தடவையாக நோட்டைப் பார்க்காமல்.

பிறகு வாசமே இல்லாத ஓர் இடம்.
எண் தராத வளைவு.
மஞ்சு அங்கே மட்டும் கிழிந்து
கீழே, மிகக் கீழே,
மேட்டுப்பாளையம் பக்கத்துச் சமவெளி
வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.
பார்த்தாள். பிரேக்கை மிதித்தே பார்த்தாள்.
ஒன்றரை வினாடி. ஸ்டாப்வாட்ச் என் கையில்தான் இருந்தது.

பதினொன்றில் ஏழாவது.
ஆறாவது வந்த ஃபியட்டுக்கும் எங்களுக்கும்
ஒரு வினாடி, இருபது.
சிங்காரவேலு மூன்று தடவை கைகுலுக்கினார்.
அம்மா தாளை வாங்கி, கூட்டல் சரிதானா என்று மட்டும் பார்த்து,
மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

திரும்பும் வழியில் முன்னால் காரட் லாரி,
மணிக்குப் பதினைந்து.
இடமிருந்தும் அவள் முந்தவில்லை.
பின்னால் போர்ஷே முனகிக்கொண்டே வந்தது.
“இடது அஞ்சு,” என்றேன், “நீளும்.”
“ம்,” என்று திருப்பினாள்.