கூப்பிடுவதற்கு

லாரி நிற்க வேண்டும். அவ்வளவுதான்.
தார் எஸ் சலாமுக்குச் செம்பு ஏற்றிப் போகிறவை
செரெஞ்ஜே தாண்டி எண்பதில் பறக்கின்றன,
கசுபா இரு கையால் உயர்த்திப் பிடித்த காளானை
ஏதோ வெள்ளைக் கொடி என்று நினைத்தோ என்னவோ.

சும்மா சொல்லவில்லை, குடை அளவு.
விடியலில் புற்றின் தோளிலிருந்து
வெட்டாமல், அசைத்து அசைத்து, உருவியது.
கறையான்கள் இருட்டில் மென்று வளர்த்தது.
மண் ஒட்டிய தண்டு முழங்கை நீளம்.
நனைந்த மாவின் வாசனை.
நிறம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

அதே புற்றில், இரண்டடி தள்ளி,
கண்வலிப்பூ.
இலை நுனியையே சுருட்டிக் கையாக்கி
முட்செடியைப் பற்றி ஏறி,
தலையைத் தொங்கப்போட்டு
இதழ்களை மட்டும் மேலே வாரிவிட்டு நின்றது.
அதற்கும் இந்த முதல் மழைதான்.
இந்த மண்தான்.
ஆடுகூடச் சுற்றிக்கொண்டு போகும்.

முவாபேதான் பறித்துக் கூடையின் பிடியில் செருகினாள்.
"விற்கவா?"
"இல்லை. கூப்பிட."

அடுத்த லாரி பிரேக் போட்டது.
பின்னால் ஒரு நீலக் காரும்.
லுசாகாக்காரர் ஒருவர் இறங்கி
காளானை விட்டுவிட்டுப் பூவை எடுத்து மோந்தார்.
"இதையும் சேர்த்து வதக்கலாமா?"

முவாபே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
கசுபா சிரிக்கவில்லை.
பூவை அவர் கையிலிருந்து வாங்கி
முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
"இதன் கிழங்கைத் தின்ற ஒருத்தியை எனக்குத் தெரியும்" என்றாள்.
யாரென்று சொல்லவில்லை.
மீதிக் குவாச்சாவை
இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தாள்.
கார் போனதும் பூவைப் பள்ளத்தில் எறிந்தாள்.

மதியம் தாண்டினால் காளான் விளிம்பு பழுப்பேறும்,
நாளைக்குப் புழு.
அதனால் அதற்குப் பேரம் உண்டு, கூச்சல் உண்டு,
நிலக்கடலைப் பொடியோடு ஒரு சட்டி காத்திருக்கும்.
பூவோ நாள் ஏற ஏறச் சிவக்கும்,
மஞ்சள் ஓரம் மறையும்வரை.
அதற்காக யாரும் அடுப்பு மூட்டுவதில்லை.

பொழுது சாய்ந்தது. விற்காத ஒன்றைக் கிழித்தாள்,
கோழிக்கறிபோல நார்நாராய் வந்தது.
முவாபே பூவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை,
பள்ளத்தை மட்டும் பார்த்தாள்.
நாளைக்கும் லாரி நிற்க வேண்டும்.

கசுபா எழுந்து போய் எடுத்து வந்தாள்.
தண்ணீர்ப் பாட்டிலில் நிறுத்தி
பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.
கை கழுவினாள்.
மறுபடியும் கழுவினாள்.
பிறகுதான் சோளக் களியைப் பிட்டாள்.