ஒலியை விழுங்கும் பெட்டி

விற்றவன் சொல்லவில்லை.
எஞ்சின் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று
யார்தான் கேட்டு வாங்குவார்கள்?

பதினாலு மாதம் ஓட்டிய பின்
பிப்ரவரியில் ஓர் இரவு
ஒரு ஃபியூஸ் போயிற்று.
ரேடியோ செத்தது.
கூடவே எஞ்சினின் உறுமலும் செத்தது.
வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது
அறுபதில், எழுபதில்,
பஞ்சு மூட்டையை யாரோ தள்ளிக்கொண்டு போவதுபோல.

இத்தனை நாளும் நான் கேட்டது
கதவுக்குள்ளிருந்து
ஸ்பீக்கர் செய்துகாட்டிய மிமிக்ரி.

டால்விக் துறைமுகத்து மீன் ஆலையில்
காட் மீனின் தலை சீவும் இயந்திரத்தின் முன்னால்
காதுக்கவசத்தோடு எட்டு மணி நேரம் நிற்கிறவன் நான்.
எனக்குத் தெரியாதா
எது சத்தம், எது சத்தத்தின் படம் என்று?

தோர்லாகுரின் கொட்டகையில் பானெட்டைத் தூக்கினோம்.
வெளியே மைனஸ் எட்டு. உள்ளே மைனஸ் ஆறு.
ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயில்
கழலைபோல ஒரு கறுப்புப் பெட்டி.
"ரெசொனேட்டர்" என்றான்.
"காற்று உள்ளே போகிற சத்தத்தை விழுங்குவது,
அது ஒன்றுதான் இதற்கு வேலை."

பெட்டியை வைத்துச் சத்தத்தைத் தின்னக் கொடுப்பது,
பிறகு ஸ்பீக்கரை வைத்து ஊட்டுவது.
பிள்ளையையும் கிள்ளி
தொட்டிலையும் ஆட்டியிருக்கிறார்கள்,
அதற்கு மாதத் தவணையும் என்னிடமே.

இரண்டு கிளாம்ப். பத்து எம்.எம். போல்ட் ஒன்று.
விரல் முட்டியில் கொஞ்சம் தோல்.
குளிரில் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று
பட்டென்று உடைந்து அடித்தகட்டில் விழுந்தது.
இன்னும் அகப்படவில்லை.
ஃபில்டர் டப்பாவிலும் துளை போடலாம் என்று
டிரில்லை எடுத்து வந்தான்.
வேண்டாம் என்றேன். பனித்தூள் புகும்.
பெட்டி இருந்த இடத்தில்
நேர்க்குழாய் ஒன்று, சிலிக்கான், நீலநிறம்.
கறுப்பு கையிருப்பில் இல்லையாம்.

கழற்றிய பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன்.
பதினாலு மாதத்துச் சத்தம் கொட்டும் என்பதுபோல.
கரிய மணல் ஒரு சிட்டிகை,
உலர்ந்த ஈ ஒன்று.

வேகம் கூடவில்லை.
ஒரு குதிரைத்திறன்கூட ஏறாது என்று
தோர்லாகுர் முன்பே சொல்லிவிட்டான்.
அப்படியானால் எதற்கு என்று
அவனும் கேட்கவில்லை, நல்லவன்.

நின்றபடி இருந்தால் ஒன்றுமில்லை.
இரண்டாயிரம் சுழற்சியில்
சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ
சர்க்கரைக்கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு
காபி உறிஞ்சுகிறார்கள்.
மூவாயிரத்தில் அந்த உறிஞ்சல்
மெல்லிய விசிலாகி மேலே மேலே போகிறது,
கெட்டிலை இறக்க ஆளில்லாத வீடு.
காலை எடுத்தால்
ப்ஸ்ஸ்ஷ்.
அவ்வளவுதான். சின்ன விஷயம்.
நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ராக்ன்ஹெய்துரை ஏற்றிக்கொண்டு
மலைக்குடைவுப் பாதைக்குள் நுழைந்தேன்.
ஒற்றைத் தடம், இரண்டு பக்கமும் ஈரப் பாறை.
கண்ணாடிகளை இறக்கினேன்.
தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு
என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அழுத்தினேன். எடுத்தேன்.
பாறை அதை வாங்கி
இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தது.

"இந்த மூச்சு எனக்குத் தெரியும்" என்றாள்.
"ஆலையிலிருந்து வந்து
பூட்ஸைக் கழற்றும்போது நீ விடுவது."

நான் பதில் சொல்வதற்குள் எதிரே விளக்குகள்.
ஒதுங்கும் குழியில் நிறுத்தினேன்.
கண்ணாடியை ஏற்று, குளிர்கிறது என்றாள்.
ஏற்றினேன்.
மே மாதம் ஆய்வுக்குப் போகும்போது
பெட்டியைத் திரும்ப மாட்டவேண்டியிருக்கும்,
கிளிப்புக்கு எங்கே போவது
என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மீன் லாரி ஒன்று
எங்களை உரசாமல் உரசிக்கொண்டு போயிற்று.
அதன் சிவப்பு விளக்கு வளைவில் மறைந்ததும்
தன் பக்கத்துக் கண்ணாடியை
அவளே இறக்கிவிட்டுச் சொன்னாள்:

"இன்னொரு தரம்."