நாற்பத்தொன்பதாம் எண் பேருந்து

வெஸ்டர்ன் அவென்யூவில் பதினேழு வருடமாக
வடக்கே போய்த் தெற்கே வந்துகொண்டிருக்கிறேன்.
சிகாகோவின் முகங்கள் மறந்துவிடும்.
பைகள் மறப்பதில்லை.

கயிற்றுப் பிடி வைத்த மொடமொடப்பான காகிதப் பையா,
மிச்சிகன் அவென்யூ வரை போய் வந்தவர்கள்.
பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும்
கைக்குழந்தை மாதிரி மடியிலேயே வைத்திருப்பார்கள்.
கறுப்புப் பாலித்தீனில் நீர் சொட்டினால் மீன்.
பையே இல்லாமல் வாசம் மட்டும் ஏறினால்
ஒரிசியா, கோட்டுக்குள் சூடான ரொட்டியோடு.

எங்கே வாங்கலாம் என்று
எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள்.
தக்காளியா, செர்மாக் ரோடில் இறங்கு,
முன்வரிசையைத் தொடாதே, அது வெறும் முகப்பூச்சு.
குளிர்கோட்டா, மார்ச் வரை பல்லைக் கடித்துக்கொள்,
பாதி விலைக்கு வரும்
(அதுவரை பல் மிஞ்சினால்).
மெத்தையை மட்டும் பழசாக வாங்காதே.
ஏன் என்று கேட்காதே.

ஜனவரியில் ஓர் இரவு
ஓடெஸ்ஸா பெட்வே முன்படியிலேயே நின்றுகொண்டாள்.
"பெர்னடீன், பூட்ஸ் வேண்டும்.
பன்னிரண்டாம் அளவு.
இடது மட்டும்."

சர்க்கரை அவள் கணவனின் வலக்காலை
முழங்காலோடு எடுத்துப் போயிருந்தது.
ஜோடி ஜோடியாகத்தான் விற்கிறார்கள்.
அலமாரியில் நான்கு வலது பூட்ஸ்,
சேறு படாமல், கயிறு கோக்காமல்.
"பார்க்கவும் பிடிக்கவில்லை அவருக்கு,
எறியவும் விடமாட்டேன் என்கிறார்."

பச்சை விளக்கைத் தவறவிட்டேன்.
பின்னால் ஹாரன்.
அதிகாலை மூன்று மணிக்கு டாக்கோ விற்கும் ஊர்.
தவணையில் கல்லறைக் கல் விற்கும் ஊர்.
ஒருமுறை ஒருவன் என் வண்டியில்
மான் தலை ஒன்றை ஏற்றிவந்தான், பேரம் பேசி வாங்கியதாம்.
"தெரியவில்லை, கண்ணு" என்றேன்.
பதினேழு வருடத்தில்
அந்த வார்த்தை அன்றுதான் என் வாயில் வந்தது.

அதிலிருந்து பைகளைப் பார்ப்பதில்லை.
கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்து வைத்திருக்கிறேன்.
ஊன்றுகோலோடு யார் ஏறினாலும்
எந்தக் கால் என்று பார்ப்பேன்,
இடக்கால் இல்லையென்றால்
வெட்கத்தைவிட்டு அளவு கேட்பேன்.
இரண்டு பேர் திட்டினார்கள்.
ஒருத்தி அழுதாள். அவளுக்கு ஆறு.

நேற்று நாற்பத்தேழாம் தெருவுக்கு முன்னால்
டயர் கடை எவுசேபியோவைக் கேட்டேன்.
சிரித்தான், தங்கப்பல் தெரிய.
"ஒன்பதரை" என்றான்.
இறங்கும்போது திரும்பி நின்று,
"இடது இல்லாத பன்னிரண்டு, அவ்வளவுதானே?
கடைக்கு வருகிறவர்களைப் பார்த்துவைக்கிறேன்."

கதவை மூடினேன்.
மூன்றாம் இருக்கைக்குக் கீழே யாரோ விட்டுப்போன மீன் பை
சொட்டிக்கொண்டே இருந்தது.
துடைக்க நேரமில்லை,
நான்கு நிமிடம் தாமதம்.